பையில் கிடந்த ஐந்து நாள்: ஒரு என்எம்சி 811 பவுடர் ஜெல்லாகிப் போனது எப்படி

பின்னணி

சென்னையில் கடற்கரையிலிருந்து அதிகத் தூரமில்லாத ஒரு பொறியியல் கல்லூரியின் பேட்டரி ஆய்வகத்தில் நடந்ததை எழுதுகிறேன். நானும் அந்தக் குழுவில் ஒரு ஆள். யாருடைய பெயரையும் போடவில்லை, எங்கள் பவுடரை வாங்கி செல் செய்து பார்த்த நிறுவனத்தின் பெயரையும் போடவில்லை. இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள், குறிப்பாகக் கடலோர ஊர்களில் இருப்பவர்கள், நாங்கள் இழந்த நான்கு மாதத்தை இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

குழு சின்னது. பேராசிரியர், நான், இரண்டு பிஎச்டி மாணவர்கள். ஒருவர் இரண்டாம் ஆண்டில் இருந்த பெண், மற்றவர் ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டிய கட்டத்தில் இருந்தவர். அப்புறம் அந்த ஆய்வகத்தில் எங்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே உதவியாளராக இருக்கும் ஒருவர். அவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். உலையின் சூடு ஏறும் சத்தத்திலேயே எதுவோ சரியில்லை என்று சொல்லிவிடக் கூடியவர்.

எடுத்துக்கொண்ட வேலை, மின்சார ஸ்கூட்டர் செல்லுக்கான என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) 811 கேத்தோடு பவுடரை, அதாவது பேட்டரியின் நேர்மின்முனைக்கான பவுடரை, கிலோ கணக்கில் செய்வது. ஏன் 811 என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் குடினஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கேத்தோடாக நிறுவியது, 1991-இல் சோனி அதை வைத்து லித்தியம் அயன் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. போனுக்கு அது போதும். வண்டிக்குப் போதாது, ஏனென்றால் கோபால்ட் விலை அதிகம், உலகில் தோண்டப்படுவதில் பாதிக்கும் மேல் காங்கோ என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது, அதோடு அந்தக் கேத்தோடில் இருக்கும் லித்தியத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் பத்திரமாக வெளியே எடுக்க முடியும், அதாவது கிராமுக்கு 140 மில்லி ஆம்பியர் மணி அளவில் நின்றுவிடும். கோபால்ட்டின் இடத்தில் பெரும்பாலும் நிக்கலையும் கொஞ்சம் மாங்கனீசையும் வைத்தால் அதே அடுக்கு அமைப்பிலிருந்து 4.3 வோல்ட் வரை ஏற்றி 200-ஐ ஒட்டி எடுக்கலாம். பத்து உலோக அணுவில் எட்டு நிக்கல், ஒன்று மாங்கனீசு, ஒன்று கோபால்ட், இதுதான் 811.

இதில் நிக்கல் தருகிற தொல்லை இரண்டு. ஒன்று, எழுத்தில் மூன்று மின்சுமையோடு இருக்க வேண்டிய நிக்கல் எப்போதும் இரண்டுக்கு இறங்கத் துடிக்கும். அப்படி இறங்கிய நிக்கலின் ஆரம் 0.69 ஆங்ஸ்ட்ராம், லித்தியத்தின் ஆரம் 0.76, ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் நிக்கல் போய் லித்தியத்தின் இருக்கையில் உட்கார்ந்துகொள்ளும், லித்தியம் போய்வரும் வழி அடைபடும். இரண்டாவது தொல்லை, மேற்பரப்பு காற்றோடு வினைபுரிவது. முதலாவதைப் பற்றி நாங்கள் நிறையப் படித்திருந்தோம், நிறையக் கவலைப்பட்டோம். இரண்டாவதையும் படித்திருந்தோம். படித்ததோடு சரி.

செய்த முறை

நிக்கல், கோபால்ட், மாங்கனீசு சல்ஃபேட் கரைசலைச் சோடியம் ஹைட்ராக்சைடோடும் அம்மோனியாவோடும் சேர்த்து, நைட்ரஜன் ஓட்டத்தில், பிஎச் 11-ஐச் சுற்றி வைத்துக்கொண்டு மெதுவாகக் கலக்கினால் பத்து மைக்ரான் அளவில் உருண்டையான ஹைட்ராக்சைடு துகள்கள் வீழ்படிவாகும். கழுவி உலர்த்தி, லித்தியம் ஹைட்ராக்சைடோடு கலந்து, ஆக்சிஜன் ஓட்டத்தில் 750 டிகிரியை ஒட்டிச் சுட வேண்டும். லித்தியம் கார்பனேட் விலை குறைவுதான், ஆனால் அது உருகவே 720 டிகிரிக்கு மேல் வேண்டும், ஹைட்ராக்சைடு 460 டிகிரியிலேயே உருகிவிடும். 811-ஐ அதிகச் சூட்டில் சுட்டால் நிக்கல் இடம் மாறிவிடும் என்பதால் எல்லோரும் ஹைட்ராக்சைடையே எடுக்கிறார்கள், நாங்களும் அப்படியே.

சுடும்போது கொஞ்சம் லித்தியம் ஆவியாகும் என்பதால் 5 சதவீதம் கூடுதலாகப் போட்டோம். சின்னக் குழாய் உலையில் 20 கிராம் சுட்டபோது சரியாக வந்த கணக்கு இது. கிலோவுக்குப் போகும்போது பெட்டி உலைக்கு மாறினோம், அலுமினா தட்டுக்கு 300 கிராம். கணக்கை மாற்றவில்லை. ஓடுகிற ஒன்றை எதற்குத் தொட வேண்டும் என்ற எண்ணம்தான்.

காயின் செல்லில் நன்றாகவே இருந்தது

எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டியில் 003 உச்சிக்கும் 104 உச்சிக்கும் உள்ள விகிதம் 1.2-க்கு மேல் இருந்தது, அதாவது நிக்கல் பெரும்பாலும் தன் இடத்திலேயே இருக்கிறது. நாணய அளவிலான சோதனை செல்லான காயின் செல்லில் எதிர்பார்த்த கொள்ளளவு வந்தது. மின்னேற்றி இறக்கும் சுற்றுகளும் ஏமாற்றவில்லை. நிறுவனத்துக்கு அந்த வரைபடங்களை அனுப்பினோம், அவர்கள் ஒன்றரைக் கிலோ பவுடர் கேட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பின்னால் வருவதற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது. காயின் செல்லுக்கு நாங்கள் செய்யும் ஸ்லரி, அதாவது தாளில் பூசும் பவுடர்க் குழம்பு, இரண்டு கிராம். உலையிலிருந்து எடுத்த அன்றோ மறுநாளோ, ஒரு சின்னக் குப்பியில் பவுடர், கார்பன், துகள்களை ஒட்டவைக்கும் பைண்டரான பிவிடிஎஃப், கரைப்பானான என்எம்பி எல்லாம் போட்டுக் கலக்கி, அரை மணி நேரத்துக்குள் அலுமினியத் தாளில் பூசி முடித்துவிடுவோம். அந்த ஸ்லரிக்குக் கெட்டுப்போக நேரமே கொடுத்ததில்லை.

ஸ்லரி உறைந்த நாள்

அப்போது ஐப்பசி. வெளியே அடைமழை, ஆய்வகத்து ஈரமானி 80-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஐந்து தட்டுப் பவுடரை இடித்து, அகலமான தட்டில் பரப்பிச் சலித்து, தடித்த பாலித்தீன் பையில் போட்டு, வாயைச் சூடாக்கி ஒட்டி, அதை இன்னொரு பையில் போட்டு அனுப்பினோம். போய்ச் சேர மூன்று நாள், அங்கே வரிசையில் காத்திருந்தது இரண்டு நாள்.

ஆறாவது நாள் மதியம் அவர்களிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கலக்கும் பாத்திரத்தைச் சாய்க்கிறார்கள், உள்ளே இருப்பது வழியவில்லை. கரண்டியால் எடுத்தால் ஊறிய பாதாம் பிசின் மாதிரி ஒரே கட்டியாக ஆடுகிறது. கறுப்புப் பிசின். பாத்திரத்தோடு எல்லாவற்றையும் கொட்டியாக வேண்டும், பாத்திரத்தைச் சுத்தம் செய்யவே ஒரு நாள் போகும் என்றார் அந்தப் பக்கத்து பொறியாளர். கோபமாகப் பேசவில்லை. "சார், காலைல போட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு, சாப்பிட்டு வந்து பார்த்தா இப்படி" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருந்தது. எங்களுக்கு அப்போது அது காதில் ஏறவில்லை.

முதல் யூகம்

பைண்டரில்தான் கோளாறு என்று முடிவு கட்டினோம். காரணம் எளிது, எங்களிடம் உறையாத பவுடர் அவர்களிடம் உறைகிறது, பவுடர் ஒன்று, பைண்டர் வேறு. அவர்களை வேறு பிவிடிஎஃப் வாங்க வைத்தோம், என்எம்பியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அளக்க வைத்தோம், எங்கள் பைண்டரையே அனுப்பியும் வைத்தோம். எல்லாவற்றிலும் உறைந்தது. மூன்று வாரம் போயிற்று. அந்த மூன்று வாரத்தில் பையில் மீதம் இருந்த பவுடரை நாங்களே எடுத்து நான்கு மணி நேரம் கலக்கிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பவுடர் சரியானது என்பதற்கு எங்களிடம் வரைபடம் இருந்தது அல்லவா, அதுதான் கண்ணை மறைத்தது.

தராசில் நிற்காத எண்

கண்டுபிடித்தது அண்ணன். உண்மையில் அவர் எதையும் தேடிக்கொண்டிருக்கவில்லை. புதிதாகச் சுட்ட தட்டிலிருந்து 50 கிராம் நிறுத்துத் தரச் சொல்லியிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். "தம்பி, இந்தத் தராசு ரிப்பேரா பாருங்க, கடைசி நம்பர் நிக்க மாட்டேங்குது, ஏறிக்கிட்டே இருக்கு."

நான்கு தசம இடம் காட்டும் தராசு. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு நின்று பார்த்தேன். கடைசி இரண்டு இலக்கங்கள் மெதுவாக, ஆனால் விடாமல், மேலே போய்க்கொண்டிருந்தன. பவுடரை எடுத்துவிட்டு எடைக்கல்லை வைத்தோம், எண் அசையாமல் நின்றது. மறுபடி பவுடர், மறுபடி ஏற்றம். இரண்டாம் ஆண்டு மாணவி வந்து பார்த்துவிட்டு, போன மாதத்துப் பவுடரையும் வைத்துப் பார்க்கலாமே என்றார். அது இவ்வளவு வேகமாக ஏறவில்லை. ஏற வேண்டியதெல்லாம் ஏற்கெனவே ஏறி முடிந்திருந்தது.

பவுடர் காற்றிலிருந்து தண்ணீரையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கிறது. 811-இன் மேற்பரப்பில் நிக்கல் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது உள்ளிருக்கும் லித்தியம் வெளியே வரும், வந்து ஈரத்தோடு சேர்ந்து லித்தியம் ஹைட்ராக்சைடாகவும், காற்றோடு சேர்ந்து லித்தியம் கார்பனேட்டாகவும் தோல் மாதிரிப் படியும். சுடும்போது கூடுதலாகப் போட்டு வினைபுரியாமல் தங்கிய லித்தியமும் அதோடு சேரும். இரண்டையும் சேர்த்து மிச்ச லித்தியம் என்பார்கள். இது காரம். பிவிடிஎஃப் சங்கிலியைக் காரம் தொட்டால் அதிலிருந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு பிரியும், அந்த இடத்தில் இரட்டைப் பிணைப்பு உண்டாகும், சங்கிலிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், ஸ்லரி உறையும்.

இதை நம்புவதற்காக மாணவி ஒரு சோதனை செய்தார், பிறகு எங்கள் ஆய்வகத்தில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஐந்து கண்ணாடிக் குப்பிகளில் தண்ணீர் நிறத்தில் இருக்கும் பிவிடிஎஃப் கரைசல். முதல் குப்பியில் எதுவும் இல்லை, இரண்டாவதில் உலையிலிருந்து சூடாக எடுத்த பவுடர், மூன்றாவதில் ஒரு நாள் திறந்து வைத்தது, நான்காவதில் பாலித்தீன் பையில் ஐந்து நாள் இருந்தது, ஐந்தாவதில் வெறும் லித்தியம் ஹைட்ராக்சைடு ஒரு சிட்டிகை. ஐந்தாவது குப்பி எங்கள் கண் முன்னாலேயே மஞ்சளாகி, மதியத்துக்குள் டீத்தூள் டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போனது. மறுநாள் காலையில் நான்காவதைச் சாய்த்தோம். வழியவில்லை. மூன்றாவது கெட்டியாக இருந்தது, ஆனால் ஓடியது. இரண்டாவதும் கூடக் கொஞ்சம் பழுப்பேறியிருந்தது, அதுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது.

பவுடரைத் தண்ணீரில் கலக்கி வடிகட்டி அமிலத்தால் டைட்ரேஷன் செய்தோம். பழைய பவுடரின் நீர் பிஎச் 12-ஐத் தாண்டியது. முதல் திருப்பம் பிஎச் 8-ஐ ஒட்டி வரும், இரண்டாவது 4.5-ஐ ஒட்டி, இரண்டுக்கும் இடையில் செலவாகும் அமிலத்திலிருந்து கார்பனேட் எவ்வளவு, ஹைட்ராக்சைடு எவ்வளவு என்று பிரித்துக் கணக்கிடலாம். ஒரு பியூரெட்டும் பிஎச் மீட்டரும் போதும். இவ்வளவு மலிவான சோதனையை நாங்கள் அதுவரை ஒரு முறை கூடச் செய்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கழுவலாம் என்ற முடிவு

நிறுவனம் காத்திருந்தது, கலவை இயந்திரத்தில் எங்களுக்கு ஒதுக்கிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மிச்ச லித்தியம் தண்ணீரில் கரையும், அப்படியானால் குளிர்ந்த நீரில் சில நிமிடம் கழுவி, வடிகட்டி, வெற்றிடத்தில் உலர்த்தி, மறுபடி சுட்டால் தீர்ந்தது. தொழிற்சாலைகளிலும் கழுவுகிறார்கள். கடைசி ஆண்டு மாணவர் மட்டும் மறுத்தார். மேலே இருக்கும் லித்தியம் எது, உள்ளே இருக்கும் லித்தியம் எது என்று தண்ணீருக்குத் தெரியாது சார், உள்ளேயிருந்தும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் ஹைட்ரஜனை வைத்துவிடும் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் சில நிமிடத்தில் எவ்வளவு போய்விடும் என்று நினைத்துக் கழுவும் பக்கம் நின்றேன். அந்த முடிவில் என் பங்கு அதிகம்.

டைட்ரேஷன் அருமையாக வந்தது. ஸ்லரி நாள் முழுக்க ஓடியது. நிறுவனம் தாளில் பூசியும் முடித்தது. முதல் சில சுற்றுகளில் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. ஐம்பது சுற்றுக்கு அப்புறம் கழுவியதும் கழுவாததும் பிரிய ஆரம்பித்தன, கழுவியது கீழே. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது காரணம் புரிந்தது. இந்த உருண்டை ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான சின்னத் துகள்கள் ஒட்டிய கட்டி, தேன்குழல் மாவை உருட்டி வைத்த மாதிரி. ஒட்டும் இடுக்குகளில் இருந்ததையும் தண்ணீர் கரைத்துக்கொண்டு போயிருந்தது, இடுக்குகள் திறந்துவிட்டன. 4.2 வோல்ட்டுக்கு மேல் இந்தப் படிகத்தின் அடுக்குகள் திடீரென்று சுருங்கும், மின்னேற்றும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பை உருண்டை தாங்க வேண்டும். திறந்த இடுக்கு அதற்கு ஈடுகொடுக்காது, மின்பகு திரவமும் அதன் வழியே உள்ளே நுழையும்.

இன்னொன்றும் நடந்தது. கழுவிய பவுடரில் மீதியைப் பழைய பாலித்தீன் பையிலேயே வைத்திருந்தோம். இரண்டு வாரம் கழித்து மாணவி அளந்தார். காரம் திரும்ப வந்திருந்தது. புதிதாகத் திறந்த பரப்புக்குக் காற்று இன்னும் பிடித்துப்போகும் போல. ஆறு வாரம் இதில் போனது.

உலைக்குத் திரும்பியது

இரண்டாவது குப்பி நினைவிருக்கும், சூடாக எடுத்த பவுடரே பழுப்பாக்கியது. அதாவது கோளாறின் ஒரு பகுதி பைக்கு வருவதற்கு முன்பே இருந்தது. அண்ணனைத் தட்டின் மேல் பகுதி, நடு, அடி என்று மூன்று இடத்தில் தனித்தனியாக எடுத்துத் தரச் சொன்னோம். அடிப் பவுடரில் மிச்ச லித்தியம் மேலே இருப்பதை விட மிகவும் அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பில்லை. நீரேறிய லித்தியம் ஹைட்ராக்சைடும் உலோக ஹைட்ராக்சைடும் சேர்ந்து கேத்தோடு ஆகும்போது நான்கு லித்தியத்துக்குப் பத்து நீர் மூலக்கூறுகள் வெளியேற வேண்டும், ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு உள்ளே வர வேண்டும். 20 கிராமில் இது தானாக நடக்கும். 300 கிராமைக் கட்டை விரல் உயரத்துக்குக் கொட்டி வைத்தால் அடியில் இருப்பது ஆவியில் வேகிறது, ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை, நிக்கல் மூன்றுக்கு ஏறுவதில்லை, அதற்கான லித்தியம் வெளியிலேயே தங்கிவிடுகிறது. பெட்டி உலையில் லித்தியம் ஆவியாவதும் குறைவு, நாங்களோ அதே 5 சதவீதத்தைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

மாற்றியவை இவை. தட்டில் உயரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தோம். 500 டிகிரியில் பல மணி நேரம் நிறுத்தி ஆவி முழுக்கப் போன பிறகே மேலே ஏற்றினோம். ஆக்சிஜன் குழாயை உலையின் மேல் சுவரிலிருந்து தட்டின் மட்டத்துக்கு இறக்கினோம், இதை அண்ணனே பீங்கான் குழாய் வெட்டிச் செய்து கொடுத்தார். கூடுதல் லித்தியத்தை 2 சதவீதத்துக்குக் குறைத்தோம். அறைச் சூட்டுக்கு ஆறும் வரை காத்திருக்காமல் 150 டிகிரியிலேயே எடுத்து உலர் பெட்டிக்குள் வைத்து, அங்கேயே சலித்தோம். முன்பு சலித்தது ஏசி அறையில், திறந்த தட்டில், ஒரு மணி நேரம், மழைக்காலத்தில். பையில் ஐந்து நாள் இருந்ததால் கெட்டது என்று தலைப்பில் சொல்லியிருக்கிறேன், அந்த ஒரு மணி நேரச் சலிப்பின் பங்கும் சின்னதாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். பாலித்தீனைக் கைவிட்டு அலுமினியத் தாள் ஒட்டிய பையில் வெற்றிடத்தில் அடைத்தோம்.

கடைசி ஆண்டு மாணவர் இன்னொன்று சேர்த்தார். கொஞ்சம் போரிக் அமிலத்தை உலர்வாகக் கலந்து 300 டிகிரி அளவில் மறுபடி சூடாக்கினால் அது மிச்ச லித்தியத்தோடு சேர்ந்து லித்தியம் போரேட் கண்ணாடியாக மேற்பரப்பில் பூசிக்கொள்ளும். தண்ணீரால் எடுத்துப் போடுவதைவிட இருப்பதையே பூச்சாக்கும் வழி. ஒப்பிட்டுப் பார்த்ததில் பலன் தெரிந்தது, வைத்துக்கொண்டோம்.

கிடைத்தது

தை மாதம் மூன்றாவது தொகுதி போயிற்று. இந்த முறை நானும் மாணவியும் கூடவே போனோம். காலையில் கலந்த ஸ்லரி மறுநாள் மாலை வரை ஓடியது. அந்தப் பொறியாளர் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டிவிட்டு, "பரவால்ல மேடம், கஞ்சி பதம்" என்றார். தட்டையான பை வடிவப் பவுச் செல்கள் வந்தன. சுற்று ஆயுள் கழுவாத முதல் காயின் செல்களுக்கு இணையாக நின்றது.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். 45 டிகிரியில் முழு மின்னேற்றத்தில் வைத்த பவுச் செல்கள் சில கொஞ்சம் உப்பின. மேற்பரப்பில் மீந்த கார்பனேட் உயர் மின்னழுத்தத்தில் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு விடுவது தெரிந்த விஷயம், எங்கள் பவுடரில் அது குறைந்திருந்தாலும் போய்விடவில்லை. நம் ஊர் வெயிலில் நிற்கும் ஸ்கூட்டருக்கு 45 டிகிரி அசாதாரணமான சூடு கிடையாது.

நிறுவனம் 811-ஐ எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய கலவை அறையில் ஈரம் நீக்கும் வசதி 811-க்கு வேண்டிய அளவுக்கு இல்லை, அதைப் போடுவதற்கு ஆகும் செலவுக்கு அவர்களிடம் அப்போது பணம் இல்லை. நிக்கலைக் குறைத்த 622 செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். கொள்ளளவு குறையும், காற்றைத் தாங்கும். பேராசிரியர் இரண்டு நாள் யோசித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். எனக்கு முதலில் வருத்தம்தான். அவர்களுடைய அறையை நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகு அது சரியான கேள்வி என்று பட்டது, அந்தக் கேள்வியை முதல் மாதத்தில் நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

மறுபடி தொடங்கினால்

பவுடர் போய்ச் சேரும் அறையின் ஈரப்பதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எந்தக் கலவை என்று முடிவு செய்வோம். காயின் செல் வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாதிரி அனுப்ப மாட்டோம், கூடவே இரண்டு நாள் குப்பிச் சோதனையும் டைட்ரேஷனும் வேண்டும், அதுவும் ஒரு வாரம் பையில் வைத்து எடுத்த பவுடரில். 20 கிராமிலிருந்து 300-க்குப் போகும்போது லித்தியம் கணக்கைப் புதிதாகத் தொடங்குவோம். கழுவுவதை முழுக்க ஒதுக்க மாட்டேன், கழுவி முறையாக மேல்பூச்சு கொடுப்பவர்களுக்கு அது வேலை செய்கிறது, அவசரத்தில் செய்த எங்களுக்குச் செய்யவில்லை.

இன்னொன்று குறிப்பேடு. முதல் தொகுதியின் பக்கத்தைத் திருப்பினால் வெப்பநிலை, ஆக்சிஜன் ஓட்டம், எடை எல்லாம் இருக்கிறது, உலையைத் திறந்த நேரமும் பையை மூடிய நேரமும் இல்லை. இப்போது ஒவ்வொரு பையிலும் அண்ணன் மார்க்கரில் நான்கு வரி எழுதுகிறார்: உலை திறந்தது, சலித்து முடித்தது, பை மூடியது, அன்றைய அறை ஈரப்பதம். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் பையை யாரும் வாங்கிக்கொள்வதில்லை. 622-இன் முதல் பை போன வாரம் கிளம்பியது, ஐந்து நாள் பையில் கிடந்த மாதிரியின் குப்பி மேசையில் இருக்கிறது, இன்று காலை வரை ஓடுகிறது.